போதைப் பரிசோதனை யாருக்கு?

புணே நகரின் கிழக்கு விளிம்பில் உள்ளது வாகோலி. அமராவதி மாவட்டத்திலிருந்து கட்டட வேலை தேடி வந்திருந்த தொழிலாளர் குடும்பங்கள் அங்கே கேஸ்னந்த் சாலைப் பிரிவின் அருகில் நடைபாதையில் உறங்கிக் கொண்டிருந்தன. 2024 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் டம்பர் லாரி ஒன்று அவர்கள் மீது ஏறியது. மூவர் உயிரிழந்தனர். அவர்களில் இருவர் நடை பழகும் பருவத்துக் குழந்தைகள். ஓட்டுநர் மது அருந்தியிருந்தார் என்றது காவல் துறை. அவர் கைது செய்யப்பட்டார், வழக்குப் பதிவானது, இரண்டொரு நாளில் செய்தி அடங்கிவிட்டது.

அந்த நள்ளிரவில் அந்த லாரியின் சாவியை அவர் கையில் கொடுத்தவர் யார்? கொடுக்கும்போது அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதைப் பார்க்க வேண்டிய கடமை யாருக்காவது இருந்ததா? நமது நாட்டில் இந்தக் கேள்விகளை விபத்துக்குப் பிறகும் யாரும் அழுத்தமாகக் கேட்பதில்லை.

அதே நகரின் மேற்கு விளிம்பில் இருப்பது ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்பப் பூங்கா. தமிழகத்திலிருந்து சென்ற இளைஞர்களும் அங்கே கணிசமாக வேலை பார்க்கிறார்கள். அமெரிக்க வாடிக்கையாளரின் பணிக்கு அமர்த்தப்படும் பொறியாளரிடம் பணியில் சேரும் முன் சிறுநீர் மாதிரி கேட்கப்படுவது அங்கே பலருக்குப் பழக்கமான ஒன்று. கஞ்சா, அபின் வகைகள், கோகைன், ஆம்ஃபெட்டமைன் என்று ஒரு பட்டியலை வைத்துச் சோதிக்கிறார்கள். நாற்காலியில் அமர்ந்து மென்பொருள் எழுதுகிறவர் சோதிக்கப்படுகிறார். பத்து டன்னுக்கு மேல் மண்ணும் கல்லும் ஏற்றிக்கொண்டு இரவில் குடியிருப்புகள் வழியே செல்கிறவரைச் சோதிக்க ஆளில்லை. ஆபத்து இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, ஒப்பந்தம் பறிபோகும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில்தான் இந்நாட்டில் போதைப் பரிசோதனை நடக்கிறது.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1987 ஜனவரி 4-ஆம் தேதி அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் சேஸ் என்ற இடத்தில் நடந்த ரயில் விபத்தில் 16 பேர் மாண்டனர். சரக்கு ரயில் என்ஜின்களை இயக்கியவர்கள் கஞ்சா புகைத்திருந்தது தெரியவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அதிபர் ரீகன் மத்திய அரசு ஊழியர்களுக்கான போதைப் பரிசோதனைக்கு ஆணை பிறப்பித்திருந்தார். அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் பணியிடத்தைப் போதையற்றதாக வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 1988-இல் வந்தது. போக்குவரத்துத் துறை ஊழியர்களைச் சோதிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் 1991-இல் வந்தது. அங்கே அதற்கென்று சட்டம் இருக்கிறது. ஆய்வகங்களுக்குத் தரச்சான்று முறை இருக்கிறது. முடிவை மறுபரிசீலனை செய்ய ஒரு மருத்துவ அலுவலர் இருக்கிறார். நம்மிடம் வந்து சேர்ந்ததோ ஒப்பந்தத்தின் ஒரு பத்தி மட்டுமே. சிறுநீர்க் குப்பி வந்தது, அதைச் சூழ்ந்திருந்த பாதுகாப்புகள் வரவில்லை.

இந்தியாவில் தனியார் நிறுவனம் ஊழியரைப் போதைப் பரிசோதனைக்கு உட்படுத்துவதற்கான பொதுச் சட்டம் எதுவும் கிடையாது. சில துறைகளில் மட்டும் விதி உண்டு. ரயில்வே சட்டம் 1989, பணியில் போதையில் இருக்கும் ஊழியருக்குத் தண்டனை விதிக்கிறது. பயணிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து நேரக்கூடிய பணி என்றால் ஓராண்டு வரை சிறை. விமானப் போக்குவரத்தில் விதிகள் இன்னும் கடுமையானவை. விமானி பணிக்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது அருந்தியிருக்கக் கூடாது. 2018 நவம்பரில் தில்லியிலிருந்து லண்டன் செல்ல வேண்டிய விமானத்தை ஓட்டவிருந்த ஏர் இந்தியாவின் அப்போதைய செயல்பாட்டுப் பிரிவு இயக்குநரே மூச்சுப் பரிசோதனையில் சிக்கினார். அவரது உரிமம் மூன்றாண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. பதவியைப் பார்க்காமல் விதி வேலை செய்த அபூர்வ நிகழ்ச்சி அது. விமானத்துக்குப் பொருந்தும் இந்த நியாயம் டம்பர் லாரிக்கும், தொழிற்சாலையின் பளுதூக்கி இயந்திரத்துக்கும், இரவில் பெண் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வாடகைக் காருக்கும் ஏன் பொருந்தாமல் போக வேண்டும்?

பணியில் அமர்த்தியவர் பொறுப்பு என்ற கோட்பாடு நமது சட்டத்துக்குப் புதிதல்ல. உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற ஒரு வழக்கே அதற்கு ஒரு தூண். 1960 டிசம்பரில் நாகபுரியிலிருந்து பாண்டுர்ணாவுக்குப் பஞ்சாலை நிறுவனத்தின் காரை ஓட்டிச் சென்ற மேலாளர் விபத்துக்குள்ளானார். உடன் சென்றவர் உயிரிழந்தார். மேலாளர் நிறுவனத்தின் பணியாகவே சென்றார் என்றும், இழப்பீட்டுக்கு நிறுவனமே பொறுப்பு என்றும் 1977-இல் புஷ்பாபாய் உதேசி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு வாகனமானாலும் இதே நியாயம்தான் என்பதை ராஜஸ்தான் அரசுக்கு எதிரான வித்யாவதி வழக்கில் 1962-லேயே அந்நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் இந்தப் பொறுப்பு நடைமுறையில் பணமாக மட்டுமே, அதுவும் காப்பீட்டு நிறுவனத்தின் பணமாகவே வெளிப்பட்டு வந்திருக்கிறது. லாரி உரிமையாளர் பிரீமியம் கட்டிவிட்டார் என்றால் அவர் கடமை தீர்ந்தது. இந்தச் சௌகரியம் சற்று ஆட்டம் கண்டிருப்பது அண்மைக் காலத்தில்தான். 2007 டிசம்பரில் தில்லி இந்தியா கேட் அருகே ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான போர்ஷே கார் மோதிச் சிதைந்த வழக்கில், ஓட்டியவர் மது அருந்தியிருந்ததால் காருக்கான காப்பீட்டுத் தொகையை மறுத்தது சரியே என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தமோ மூன்றாம் நபர் இழப்பீட்டிலும் ஓட்டுநரின் போதையைக் காப்பீட்டு நிறுவனம் எதிர்வாதமாக எழுப்ப வழி செய்திருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக் கொள் என்பதே நீதிமன்றங்கள் கையாளும் வழி. அப்படியானால் கடைசிச் சுமை வந்து விழப்போவது வாகன உரிமையாளர் தலையில்தான். இரண்டு லாரி வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதே சட்டத்தின் 188-ஆவது பிரிவை இங்கே நினைவூட்டுவது அவசியம். குடித்துவிட்டு ஓட்டுவதற்கும், உடல் அல்லது மன நலம் குன்றிய நிலையில் ஓட்டுவதற்கும் உடந்தையாக இருப்பவருக்கு, அந்தக் குற்றத்தைச் செய்தவருக்கு உள்ள அதே தண்டனை உண்டு. தள்ளாடும் ஓட்டுநரிடம் தெரிந்தே சாவியைக் கொடுக்கும் மேற்பார்வையாளரை இந்தப் பிரிவின் கீழ் நிறுத்த முடியும். சட்டம் இல்லை என்று கை விரிக்க வேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கையில் ஓட்டுநர் பெயருக்கு அடுத்த வரியை எழுதும் வழக்கம்தான் காவல் நிலையங்களில் இல்லை.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு, எல்லோரையும் எங்கும் ஊதச் சொல்லலாம் என்ற முடிவுக்கு வருவது இன்னொரு அநீதியில் கொண்டுபோய் விடும். பரிசோதனையின் முடிவு ஒரு மனிதனின் வேலையைப் பறிக்கக்கூடியது. ஆகவே அது எப்படி எடுக்கப்படுகிறது, யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம்.

புணேவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 மே 19-ஆம் தேதி அதிகாலை கல்யாணி நகரில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தனர். அந்தச் சிறுவனின் ரத்த மாதிரியை சசூன் அரசு மருத்துவமனையில் வேறொருவரின் மாதிரியாக மாற்றிவிட்டார்கள் என்பது காவல் துறையின் குற்றச்சாட்டு. மருத்துவர்கள் இருவரும் மருத்துவமனை ஊழியர் ஒருவரும் கைதானார்கள். வீட்டு ஓட்டுநரை அடைத்து வைத்து, காரை ஓட்டியது தானே என்று பழியை ஏற்கச் சொல்லி மிரட்டியதாகவும் குடும்பத்தார் மீது வழக்கு. குற்றச்சாட்டுகளின் மெய்ப்பொய்யை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஊழியரின் பிழைக்கு முதலாளி பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டப் புத்தகம் சொல்கிறது. முதலாளி வீட்டுப் பிழைக்கு ஊழியர் சிறை செல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் மனப்போக்கு நம் சமூகத்தில் எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்பதை இந்தக் குற்றச்சாட்டு காட்டிவிட்டது. காவல் துறையும் ஊடகங்களும் கண்காணித்த ஒரு வழக்கிலேயே ரத்தக் குப்பி கை மாறியதாகப் புகார் எழும்போது, ஒப்பந்தக்காரரின் அலுவலக அறையில் எடுக்கப்படும் மாதிரிக்கு என்ன உத்தரவாதம்? வேண்டாத தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவரை வெளியேற்ற இதைவிட எளிய ஆயுதம் கிடைக்குமா?

சட்டமும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. மூச்சில் மது நாற்றம் அடித்தது, நடை தள்ளாடியது, கண்மணி விரிந்திருந்தது என்பதை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவு கட்டக் கூடாது என்று 1971-இல் பச்சுபாய் கர்யானி என்ற மகாராஷ்டிர வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரத்தம் அல்லது சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும் என்றது. மேலே சொன்ன 2021 தீர்ப்பிலோ, காப்பீட்டு வழக்கில் அத்தகைய பரிசோதனை இல்லாவிட்டாலும் சூழ்நிலைகளைக் கொண்டு முடிவுக்கு வரலாம் என்றது. குற்ற வழக்குக்கும் உரிமையியல் வழக்குக்கும் நிரூபண அளவு வேறு என்று வழக்கறிஞர்கள் விளக்குவார்கள். அது சரியே. பணி நீக்கம் என்பது இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பதுதான் தொழிலாளியின் கேள்வி. அளவிலும் இதே குழப்பம். மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராம் மதுவுக்கு மேல் இருந்தால் குற்றம் என்கிறது. பழைய பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின் அளவுகோல் 0.05 சதவீதம், அதாவது 50 மில்லி கிராம். தொழிற்சாலைக்குள் எது பொருந்தும்? நிறுவனம் தன் கையேட்டில் எழுதிக்கொள்வதுதான்.

மற்ற போதைப் பொருள்களில் நிலைமை இன்னும் மோசம். மூச்சில் அகப்படும் மது, அப்போதைய போதையைக் காட்டும். சிறுநீர் அப்படிக் காட்டாது. கஞ்சாவின் எச்சம் நாள் கணக்கிலும், தொடர்ந்து பயன்படுத்துபவர் உடலில் வாரக் கணக்கிலும் தங்கும். ஹோலிப் பண்டிகையன்று வட மாநில நண்பர்களோடு பாங் அருந்தியவர் அடுத்த வாரம் தெளிந்த மூளையோடு வேலைக்கு வந்தாலும் சோதனையில் தோற்பார். கோடீன் கலந்த இருமல் மருந்தும் அபின் வகைக்கான சோதனையில் சிக்கும். நம் வீட்டுக் குருமாவில் அரைத்துவிடும் கசகசாவும் அப்படியே. அது உண்டவர்கள் சிக்கியதாலேயே அமெரிக்க அரசு 1998-இல் தன் வரம்பை 300 நானோ கிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்த நேர்ந்தது. உறுதிப்படுத்தும் இரண்டாவது சோதனை இல்லாமல் முதல் சோதனையை வைத்து ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எந்தக் கருவியும் காட்டாத ஆபத்தும் உண்டு. 2012 ஜனவரி 25-ஆம் தேதி காலை புணே சுவார்கேட் பணிமனையிலிருந்து மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஓட்டுநர் ஒருவர் தனக்கு ஒதுக்கப்படாத பேருந்தை எடுத்துக்கொண்டு நகரத் தெருக்களில் கண்மூடித்தனமாக ஓட்டினார். ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். இரவுப் பணியை மாற்றித் தருமாறு அவர் கேட்டதும் அது மறுக்கப்பட்டதும் வழக்கில் பேசப்பட்டன. அவரது மனநலமும் பேசப்பட்டது. அவருக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அன்று பணிமனை வாசலில் மூச்சுக் கருவி ஒன்று இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திருக்காது. உறக்கமின்மையையும் மன உளைச்சலையும் அளக்கும் குழாய் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆவது பிரிவு மன நலமும் ஓட்டுநர் தகுதியின் பகுதி என்று சொல்லியிருந்தும் அதைக் கவனிக்கும் ஏற்பாடு நிர்வாகங்களிடம் இல்லை. பதினான்கு மணி நேரம் ஓட்டச் சொல்லிவிட்டு, களைப்புத் தெரியாமலிருக்க ஓட்டுநர் எதையாவது நாடினால் அதற்குச் சோதனை வைக்கும் முதலாளி, நோயைத் தானே உண்டாக்கிவிட்டு நோயாளியைக் குற்றம் சொல்கிறார்.

வேலையை வெளியாருக்குக் கொடுத்துவிட்டால் பொறுப்பும் போய்விடும் என்ற எண்ணத்துக்கு நீதிமன்றம் ஒரு முறை கதவடைத்திருக்கிறது. 2005 டிசம்பரில் பெங்களூரில் இரவுப் பணிக்குச் சென்ற பெண் ஊழியர் வாடகைக் கார் ஓட்டுநரால் கொல்லப்பட்ட வழக்கில், ஊழியரின் பாதுகாப்பை உறுதி செய்யத் தவறியதாக அந்நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் மீது கர்நாடகக் கடைகள் சட்டத்தின் கீழ் தொடரப்பட்ட வழக்கை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் 2008-இல் மறுத்தது. புணேயில் 2007 நவம்பரில் அதே போன்ற கொடுமை நடந்தது. குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் அந்தக் காரை ஒப்பந்தத்துக்கு எடுத்த நிறுவனங்கள் ஓட்டுநரின் பின்னணியையும் நிலையையும் எந்த அளவுக்குச் சரிபார்க்க வேண்டும் என்ற கேள்வி சுற்றறிக்கைகளோடு நின்றுவிட்டது.

நாடாளுமன்றத்துக்கு இதில் ஒரு வாய்ப்பு கிடைத்தது. அது நழுவவிடப்பட்டது. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் 2020 செப்டம்பர் 23-ஆம் தேதி மாநிலங்களவையில் நிறைவேறின. வேளாண் மசோதாக்களை ஒட்டி எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தன. காலி இருக்கைகளுக்கு முன்னால் நாட்டின் தொழிலாளர் சட்டங்கள் மாற்றி எழுதப்பட்டன. ஆளும் தரப்பு காத்திருக்கவில்லை, எதிர்த்தரப்பு திரும்பி வரவில்லை. இரு தரப்பும் பதில் சொல்லக் கடமைப்பட்டவை. ஐந்தாண்டுகள் கழித்து 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வந்துள்ளன.

அவற்றில் நல்ல அம்சமும் உண்டு. போதையில் இருந்த தொழிலாளிக்கு ஏற்படும் காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டம் முதலே இருக்கும் விலக்கு. மரணமோ முழுமையான நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் இந்த விலக்கு செல்லாது என்ற பாதுகாப்பைப் புதிய சட்டமும் தொடர்கிறது. குடித்தவனின் குழந்தைகள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்ற இந்த இரக்கம் வரவேற்கத்தக்கது.

பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புதான் கவலை தருகிறது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து தொழிலாளர்கள் இருந்தாலே பொருந்தியது. அதை விழுங்கிக்கொண்ட புதிய சட்டத்துக்குப் பத்து பேர் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் குறித்த விதிகளுக்கான எண்ணிக்கை 20-லிருந்து 50 ஆக உயர்ந்துவிட்டது. நான்கு டம்பர்களும் ஆறு ஓட்டுநர்களும் வைத்திருக்கும் உரிமையாளர் பழைய சட்டத்துக்குள் இருந்தார். புதிய சட்டத்தில் வெளியே நிற்கிறார். குடியிருப்புகள் வழியே இரவில் ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை இத்தகையவர்களுடையவை என்பதை ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வசிப்பவர்கள் அறிவார்கள்.

அந்தரங்கம் என்ற பக்கத்தையும் நாடாளுமன்றம் முதலாளிகளுக்குச் சாதகமாகவே விட்டிருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பணி சார்ந்த காரணங்களுக்காகவும், நிறுவனத்தை இழப்பிலிருந்தோ சட்டப் பொறுப்பிலிருந்தோ காப்பதற்காகவும் ஊழியரின் தரவுகளை அவர் சம்மதமின்றிக் கையாள இடம் தருகிறது. பரிசோதனை முடிவு கடல் கடந்து வாடிக்கையாளர் நிறுவனத்துக்குப் போவதை இந்த வாசகம் தடுக்குமா, அனுமதிக்குமா? எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வேலை செய்யத் தகுதியுள்ள ஒருவருக்கு வேலை மறுக்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 1997-லேயே சொன்னது. போதைப் பழக்கத்தால் விளையும் மனநலப் பாதிப்புகளை நோயாகவே வரையறுக்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். நோய் என்று ஒரு சட்டத்தில் எழுதிவிட்டு, பணி நீக்கத்துக்கான குற்றம் என்று நிறுவனக் கையேடுகளில் எழுத அனுமதிப்பது முரண்.

வழி காட்டுவதற்கு வெளிநாடு செல்லத் தேவையில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைப்படுத்திய போதைப் பொருள் சோதனை விதிகளே போதும். ஆண்டுதோறும் பத்து சதவீத ஊழியர்கள் முன்னறிவிப்பின்றித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். முதல் சோதனையில் சந்தேகம் எழுந்தால் ஆய்வகத்தில் உறுதி செய்கிறார்கள். உறுதியானால் முதல் முறை பணியிலிருந்து விலக்கி மறுவாழ்வு சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். இரண்டாம் முறை மூன்றாண்டு உரிம நிறுத்தம், மூன்றாம் முறை உரிமம் ரத்து. கண்டிப்பும் கருணையும் அளவோடு கலந்த ஏற்பாடு இது.

பிறர் உயிருக்கு ஆபத்து விளையக்கூடிய பணிகள் எவை என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் பட்டியலிட வேண்டும். அந்தப் பணிகளில் மட்டும், ஆள் எண்ணிக்கை வரம்பின்றி, சோதனை கட்டாயமாக வேண்டும். மற்ற எவரையும் ஒப்பந்தப் பத்தியைக் காட்டிச் சோதிப்பது தடை செய்யப்பட வேண்டும். மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை ஊழியர் தாம் விரும்பும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளும் உரிமை வேண்டும். சிகிச்சைக் காலத்தில் வேலை பறிபோகக் கூடாது. ஒப்பந்தக்காரரின் ஓட்டுநர் என்றாலும், யாருடைய மண்ணைச் சுமந்து சென்றாரோ அந்தக் கட்டுமான நிறுவனமும் 188-ஆவது பிரிவின் கீழ் விசாரிக்கப்பட வேண்டும்.

தமிழக அரசுக்கும் இதில் தனிக் கடமை இருக்கிறது. 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் வைத்திருப்பதும் அதே அரசுதான், ஆயிரக்கணக்கான பேருந்து ஓட்டுநர்களுக்குச் சம்பளம் தருவதும் அதே அரசுதான். டாஸ்மாக் வருவாயில் ஒரு சிறு பங்கையாவது போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில் மதுப்பழக்க சிகிச்சைக்கு ஒதுக்குவதில் என்ன தயக்கம் இருக்க முடியும்? நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்ற 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பணிமனைக்குள் ஒரு மருத்துவரை அமர்த்தவும் நீதிமன்றத்தின் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டுமா?